ஏழடிக் கால்வாய்

இங்கிலாந்தின் நடுப்பகுதி வரைபடத்தில் மார்ஸ்டன் டோல்ஸ் என்ற இடத்தையும் கிளேடன் என்ற கிராமத்தையும் ஒரு கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். ஐந்து மைல்கூட வராது. ஆனால் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய் 11 மைல் ஓடுகிறது. வழியில் வார்ம்லெய்ட்டன் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க் குன்றை மூன்று பக்கமும் சுற்றிவிட்டு, கிட்டத்தட்ட வந்த வழியையே மறுபடி பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் தெற்கே திரும்புகிறது. ஆறு வளைந்து போகலாம், அது அதன் சுபாவம். மனுஷன் காசு கொடுத்து, ஆள் வைத்து வெட்டிய கால்வாய் எதுக்கு இப்படி வளையணும்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளாக இந்தக் கால்வாயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். வளைவுக்குப் பதில் சீக்கிரமே கிடைத்துவிட்டது. ஆனால் படிக்கப் படிக்க, வளைவைவிட அகலம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏழு அடி. கால்வாயின் அகலம் அல்ல, கால்வாயில் இருக்கும் லாக்குகளின் அகலம். 1760களில் முடிவான அந்த ஓர் அளவு, அடுத்த இருநூறு வருஷம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எப்படித் தூங்கின, அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றார்களா இல்லையா என்பதுவரை தீர்மானித்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஆள். ஜேம்ஸ் பிரிண்ட்லி, 1716இல் டெர்பிஷைரில் பிறந்தவர். தொழில் ஆலைத் தச்சு, அதாவது நீர்ச்சக்கரம், காற்றாலை போன்றவற்றைக் கட்டுவது, பழுது பார்ப்பது. பள்ளிப்படிப்பு கிடையாது. கடைசிவரை எழுத்துக்கூட்டித்தான் எழுதினார். பெரிய சிக்கல் எதுவும் வந்தால் ஒன்றிரண்டு நாள் கட்டிலில் படுத்துவிடுவாராம். எழுந்து வரும்போது விடையோடு வருவாராம். பிரிட்ஜ்வாட்டர் கோமகனுக்கு வொர்ஸ்லியில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. அங்கிருந்து மான்செஸ்டருக்குக் கரி கொண்டுபோகக் கால்வாய் வெட்டும் வேலையில் பிரிண்ட்லியைச் சேர்த்துக்கொண்டார். இர்வெல் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி, அந்தப் பாலத்தின் மேல் கால்வாயை ஓடவிட்டார்கள். 1761இல் ஆற்றுக்கு மேலே படகு போவதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. மான்செஸ்டரில் கரி விலை பாதியாகக் குறைந்தது என்று சொல்வார்கள். அதற்கப்புறம் பிரிண்ட்லி வீட்டு வாசலில் முதலாளிகள் வரிசை கட்டி நின்றதில் ஆச்சரியம் இல்லை.

கணக்கு எளிது. பொதிக்குதிரை ஒன்று சுமப்பது நூறு நூற்றிருபது கிலோ. அன்றைய சேற்றுச் சாலையில் வண்டி கட்டி இழுத்தால் அரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே. அதே குதிரை கால்வாய்க் கரையில் நடந்து படகை இழுத்தால் 25 டன். வேகம் மணிக்கு இரண்டு மூன்று மைல்தான். கரிக்கு என்ன அவசரம்?

அந்தக் கோமகனின் கால்வாய் அகலமானது. 14 அடி அகலப் படகுகள் அதில் போகும். அது பெரும்பாலும் சமதளம், லாக் தேவைப்படவில்லை. அடுத்து வந்ததுதான் சோதனை. ட்ரெண்ட் ஆற்றையும் மெர்ஸி ஆற்றையும் இணைக்கும் கால்வாய்க்கு 1766இல் பாராளுமன்றம் அனுமதி கொடுத்தது. மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் முதல் மண்ணை வெட்டினார். (அவருக்குக் களிமண் உள்ளே வரணும், பீங்கான் உடையாமல் வெளியே போகணும். சாலையில் போனால் பாதி நொறுங்கிவிடும்.) இங்கே மலை குறுக்கே நின்றது. ஹேர்காஸில் என்ற இடத்தில் 2,880 கெஜ நீளத்துக்குச் சுரங்கம் குடைய வேண்டும். அதுவரை இங்கிலாந்தில் யாரும் அப்படி ஒன்றைக் கால்வாய்க்காகக் குடைந்ததில்லை. மலையின் இரண்டு பக்கமும் எழுபதுக்கும் மேற்பட்ட லாக்குகள் வேறு.

லாக் என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கால்வாய் ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு இறங்க வேண்டிய இடத்தில் கட்டும் கல்தொட்டி அது. இரண்டு முனையிலும் கதவு. மேலே இருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் மேல்கதவை மூடி, தொட்டித் தண்ணீரைக் கீழே திறந்துவிட்டால் படகும் கூடவே இறங்கும். கீழ்க்கதவைத் திறந்து வெளியே போகலாம். மேலே ஏறவும் இதே வழிதான், முறையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆனால் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும். போனது போனதுதான்.

தொட்டியின் நீளம் 72 அடி, அகலம் 7 அடி, இறக்கம் ஒரு 7 அடி என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். சுமார் ஒரு லட்சம் லிட்டர் வருகிறது. அகலத்தை 14 அடி ஆக்கினால் இரண்டு லட்சம். மலை உச்சியில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? சுரங்கத்தையும் இரண்டு மடங்கு அகலமாகக் குடைந்தால் செலவு எங்கேயோ போய்விடும். பிரிண்ட்லி பாதியாகக் குறைத்தார். ஏழடி லாக், அதற்குள் நுழையும்படி 70 அடி நீளமும் ஏழடிக்கு ஓரிரு அங்குலம் குறைவான அகலமும் கொண்ட படகு. அன்றைய நிலையில் புத்திசாலித்தனமான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். அவரை இன்று குறை சொல்கிறவர்கள், ஹேர்காஸில் சுரங்கத்தை அந்தக் குறுகல் அளவில் குடையவே 11 வருஷம் ஆனது என்பதை மறந்துவிடுகிறார்கள். உள்ளே குதிரை நடக்கக்கூட இடம் விடவில்லை. ஆட்கள் படகின் மேல் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்தினார்கள்.

பிரிண்ட்லியின் கனவு பெரிது. மெர்ஸி, ட்ரெண்ட், செவர்ன், தேம்ஸ் நான்கு ஆறுகளையும் சிலுவை வடிவில் இணைத்துவிட வேண்டும். அந்தச் சிலுவையின் தெற்குக் கைதான் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய். ஒன்றோடொன்று சேரப்போகும் கால்வாய்கள் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. அப்படித்தான் ஏழடி, தேவைப்பட்ட மலையிலிருந்து தேவைப்படாத சமவெளிக்கும் இறங்கி வந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய்க்கான சட்டம் 1769இல் நிறைவேறியது. முன்னின்றவர் சர் ரோஜர் நியூடிகேட். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எம்.பி. அவருக்கு வாரிக்ஷைரில் சொந்தமாக நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. ஆக, யாருக்கு லாபம் என்று ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. (ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைக்குக் கொடுக்கும் நியூடிகேட் பரிசு இந்தக் கரி முதலாளியின் பெயரில் வந்ததுதான்.) அதுவரை ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கரி வந்த வழியைக் கேட்டால் தலை சுற்றும். வடகோடி நியூகாசிலிலிருந்து கப்பலில் கடல்வழியாக லண்டன், லண்டனிலிருந்து தேம்ஸில் எதிர்நீச்சல் போட்டு ஆக்ஸ்ஃபோர்டு. கோவென்ட்ரி பக்கத்துக் கரியோ சுமார் ஐம்பது மைல் தூரத்தில் கிடந்தது.

இனி அந்த வளைவுக்கு வரலாம். பிரிண்ட்லியின் முறை, நிலத்தின் சம உயரக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு போவது. குன்று வந்தால் குடையாதே, சுற்று. பள்ளம் வந்தால் மேடு போடாதே, சுற்று. லாக் குறையும், தண்ணீர் மிச்சமாகும், கூலி மிச்சமாகும். மார்ஸ்டன் டோல்ஸ் – கிளேடன் பகுதிதான் இந்தக் கால்வாயின் உச்சி மட்டம். 11 மைல் நீளத்துக்கு லாக்கே இல்லாமல் தண்ணீர் நிற்கிறது என்றால் அதுவே ஒரு நீளமான ஏரி மாதிரிதானே? வளைவு தண்ணீர்ச் சேமிப்புக்கும் உதவியது. மைலுக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குகிற கம்பெனி வேண்டுமென்றே வழியை நீட்டியது என்ற குற்றச்சாட்டும் உண்டு. எனக்கு அது பின்னால் வந்த கோபமாகத்தான் தெரிகிறது. ஆனால் நீண்ட வழியால் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை என்பதும் உண்மை.

பிரிண்ட்லி 1772இல் இறந்துபோனார். அவரிடம் வேலை பார்த்த சாமுவேல் சிம்காக் பொறுப்பெடுத்தார். கால்வாய் 1778இல் பான்பரி நகரத்தை எட்டியதும் கையில் காசு இல்லை. எட்டு வருஷம் அங்கேயே நின்றது. மறுபடி தொடங்கியபோது எல்லாவற்றிலும் சிக்கனம். பான்பரிக்குத் தெற்கே செங்கல் பாலத்துக்குப் பதிலாகப் பல இடங்களில் மரத்தில் தூக்குப் பாலம். லாக்கின் கீழ்ப்பக்கத்தில் இரட்டைக் கதவுக்குப் பதில் ஒற்றைக் கதவு. ஷிப்டன் அருகே வெட்டுகிற செலவே வேண்டாம் என்று செர்வெல் ஆற்றுக்குள்ளேயே படகைக் கொஞ்ச தூரம் இறக்கிவிட்டார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் அங்கே இன்றும் படகு நிற்க வேண்டியதுதான்.

சிக்கனத்திலும் மூளை வேலை செய்திருக்கிறது. ஐன்ஹோ என்ற இடத்தில் இருக்கும் லாக், ஏழடி வரிசையில் சேராமல், வைர வடிவில் அகலமாக இருக்கும். காரணம், அங்கே இறக்கம் மிகக் குறைவு. அதற்கு அடுத்த சோமர்டன் லாக்கிலோ இறக்கம் 12 அடி. ஒவ்வொரு தடவையும் ஒன்றே முக்கால் லட்சம் லிட்டர் அளவுக்குக் கேட்கும். மேல் லாக் ஏழடியிலேயே இருந்தால் அது கீழே அனுப்பும் தண்ணீர் அந்தப் பசிக்குப் போதாது. ஆழம் இல்லாத குறையை அகலத்தால் ஈடுகட்டினார்கள்.

1790 ஜனவரி 1ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குள் கரிப் படகுகள் வந்து சேர்ந்தன. அதே வருஷம் வடக்கே கோவென்ட்ரி கால்வாய்ப் பக்கத்து வேலையும் முடிந்து, நாலு ஆறும் இணைந்தன. பிரிண்ட்லி பார்க்கவில்லை.

அப்புறம் வந்த கம்பெனிச் சண்டைகளை விவரமாக எழுதினால் தனிப் பதிவு ஆகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். கோவென்ட்ரி கால்வாயும் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயும் சேருகிற இடத்தில் சுங்கம் யாருக்கு என்ற தகராறில், இரண்டும் ஒரு மைலுக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியே ஓடின. 1803 வரை படகுக்காரர்கள் அந்தப் பக்கம் போய்த் திரும்பி இந்தப் பக்கம் வந்தார்கள். பிற்பாடு ஹாக்ஸ்பரியில் சந்திப்பு வைத்தபோதும் நடுவில் ஒரு லாக் வைத்தார்கள். மட்ட வித்தியாசம் சில அங்குலங்கள்தான். ஒருத்தர் தண்ணீரை இன்னொருத்தர் எடுத்துவிடக் கூடாதாம்!

1805இல் லண்டனுக்கு நேராகப் போகும் கிராண்ட் ஜங்ஷன் கால்வாய் முழுமையாகத் திறந்தது. அது அகலக் கால்வாய், 14 அடி. ஆனால் லண்டன் – பர்மிங்ஹாம் வழியில் பிரான்ஸ்டனிலிருந்து நாப்டன் வரை ஐந்து மைல் ஆக்ஸ்ஃபோர்டு கம்பெனியின் கையில். அந்த ஐந்து மைலுக்கு அவர்கள் கறந்த சுங்கத்தில் பங்குதாரர்கள் பல வருஷம் சுகமாக இருந்தார்கள். இவர்களை ஒதுக்கிவிட்டு நேர்க்கோட்டில் புதுக் கால்வாய் வெட்டப்போகிறோம் என்று 1820களின் கடைசியில் ஒரு கூட்டம் கிளம்பியதும்தான் தூக்கம் கலைந்தது. 1829இல் சட்டம் வாங்கி, 1834க்குள் ஹாக்ஸ்பரி – பிரான்ஸ்டன் பகுதியை நிமிர்த்தினார்கள். 36 மைல் 22 மைல் ஆனது. ரக்பி பக்கம் வயல்களுக்கு நடுவே மரவரிசையும் மேடு பள்ளமுமாக அந்தப் பழைய வளைவுகளின் தடம் இன்னும் கிடக்கிறது. நியூபோல்டு என்ற ஊரில் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் பழைய சுரங்கத்தின் வாய், கால்வாயே இல்லாமல், தனியாக நிற்கிறது.

நீளத்தைக் குறைத்தவர்கள் அகலத்தைத் தொடவில்லை. நிமிர்த்தி முடித்து நாலு வருஷத்தில், 1838இல், லண்டன் – பர்மிங்ஹாம் ரயில் அதே ரக்பி வழியாக ஓட ஆரம்பித்தது. 1850இல் ஆக்ஸ்ஃபோர்டு – பான்பரி ரயிலும் வந்தது.

இங்கேதான் கதை கால்வாயிலிருந்து மனிதர்களிடம் போகிறது. ரயிலோடு போட்டி போட ஒரே வழி கட்டணத்தைக் குறைப்பது. கூலி டன் கணக்கில், நடைக் கணக்கில் கொடுத்தார்கள். ஏழடிப் படகு 25 டன்னுக்கு மேல் அதிகம் ஏற்றாது. ஒரு படகுக்கு ஒரு குதிரை, சுக்கான் பிடிக்க ஒருத்தர், குதிரையோடு நடக்க ஒருத்தர், லாக் கதவு திறக்க ஒருத்தர். அகலப் படகாக இருந்தால் கிட்டத்தட்ட இதே ஆட்களை வைத்து இரண்டு மடங்கு சரக்கு கொண்டுபோகலாம். குறுகல் படகில் கூலி ஆளுக்குக் கட்டுபடியாகாது. அப்ப என்ன செய்வான்? பெண்டாட்டியைச் சுக்கானில் நிறுத்தினான். பிள்ளையைக் குதிரையோடு நடக்கவிட்டான். கரையில் வாடகை வீட்டைக் காலி செய்தான். குடும்பமே படகில் ஏறிவிட்டது. ரயில் வருவதற்கு முன்பே குடும்பங்கள் படகில் இருந்திருக்கின்றன என்று ஹாரி ஹான்சன் தன்னுடைய ஆய்வில் காட்டியிருக்கிறார். ஆனால் அது ஊர்வழக்கமாகவே ஆனதில் ரயில் போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. படகுக்காரர்கள் நாடோடி இனத்திலிருந்து வந்தவர்கள் என்று ஒரு கதை ரொம்ப நாள் உலவியது. ஹான்சன் அதை ஏற்கவில்லை. அவர்கள் அக்கம்பக்கத்து ஏழை ஜனங்கள்தான்.

குடும்பம் இருந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். 70 அடிப் படகில் சரக்குக்குப் போக, பின்பக்கம் மிஞ்சிய அறை சுமார் பத்தடி நீளம். அகலம் ஏழடிகூட இல்லை. நிமிர்ந்து நின்றால் தலை தட்டும். உள்ளே இறங்கியதும் இடது பக்கம் கரியடுப்பு. அலமாரிக் கதவைக் கீழே சாய்த்தால் அதுவே சாப்பாட்டு மேசை. பகலில் இருக்கை, ராத்திரி படுக்கை. மூலையில் இன்னொரு அலமாரியிலிருந்து பலகையை இறக்கினால் படகின் குறுக்கே அப்பா அம்மா படுக்கும் கட்டில். பிரசவமும் அங்கேதான், சாவும் அங்கேதான். நடை பழகும் குழந்தை தண்ணீரில் விழாமலிருக்க அதைக் கூரைமேல் கயிற்றில் கட்டி வைப்பார்கள். இத்தனைக்கும் நடுவில் பித்தளைச் சாமான்கள் பளபளக்கும், பூவேலை செய்த பீங்கான் தட்டுகள் சுவரில் தொங்கும், வாளி, பெட்டி, கதவு எங்கும் ரோஜாவும் கோட்டையும் வரைந்திருக்கும். இன்று அருங்காட்சியகக் கடைகளில் விற்கிற அந்த ரோஜா–கோட்டைச் சித்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்தடி அறைதான் நினைவுக்கு வருகிறது. கரைமேல் இருந்தவர்கள் இவர்களை அழுக்குப் பிடித்தவர்கள் என்று சொன்னார்கள். அந்தப் பளபளப்பு அதற்கான பதில் என்றே நினைக்கிறேன்.

1870களில் இதை ஊர் அறியச் செய்தவர் ஜார்ஜ் ஸ்மித். கோல்வில் ஊர்க்காரர். சின்ன வயதிலேயே செங்கல் சூளையில் மண் சுமந்தவர், பிறகு சூளை மேலாளர். சூளைகளில் குழந்தைகளை வேலை வாங்குவதற்கு எதிராகப் போராடி 1871இல் சட்டம் கொண்டுவர வைத்தார். அதற்குப் பரிசாக வேலை போனது. அடுத்து படகுக் குழந்தைகள் பக்கம் திரும்பினார். படகில் ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதினார். எண்களை ஊதிப் பெரிதாக்கியவர், படகுக்காரர்களைக் குடிகாரர்கள், ஒழுக்கம் கெட்டவர்கள் என்று ஒட்டுமொத்தமாகச் சித்தரித்தவர் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் அவரை விமரிசித்திருக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் கத்தியிருக்காவிட்டால் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதும் நியாயம்தான்.

1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. குடியிருக்கும் படகுகள் எல்லாம் பதிவு செய்ய வேண்டும், சுகாதார அதிகாரி வந்து பார்ப்பார். அதன்கீழ் வந்த விதிகள் தலைக்கு இவ்வளவு காற்று என்று அளவு வைத்தன. 12 வயதுக்கு மேற்பட்டவருக்கு 60 கன அடி, சிறுவருக்கு 40 கன அடி. புருஷன், பெண்டாட்டி, மூன்று சின்னப் பிள்ளைகள் என்றால் 240 கன அடி. ஆறடி நீளம், ஆறடி அகலம், ஆறே முக்கால் அடி உயரம் கொண்ட ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு அரசாங்கம் போதும் என்று சொன்ன இடம் அவ்வளவு. நாலாவது பிள்ளை பிறந்தால், பெரிய பெண் வளர்ந்துவிட்டால், கணக்கு உதைக்கும். அதிகாரி வருகிறார் என்று முன்னாடியே தகவல் வந்தால் ஒரு பிள்ளை பக்கத்துப் படகுக்குப் போய்விடும்.

பள்ளிக்கூடத்துக்கும் வழி சொன்னார்கள். படகு எந்த ஊரில் பதிவாகியிருக்கிறதோ, பிள்ளை அந்த ஊர்க்காரப் பிள்ளை. சட்டப் புத்தகத்தில் இது அழகாக இருக்கிறது. பிள்ளை என்னவோ கோவென்ட்ரிக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தது. கரி ஏற்றும் இடத்தில் ஒரு நாள், இறக்கும் இடத்தில் ஒரு நாள் என்று பள்ளியில் தலை காட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு பள்ளி, வேறு வாத்தியார், முதல் எழுத்திலிருந்து ஆரம்பம். 1921இல் நெவில் சேம்பர்லின் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்து, பள்ளி நாட்களில் பிள்ளைகள் படகில் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் தாயும் கரையேற வேண்டும். அப்புறம் படகை யார் ஓட்டுவது? படகுக்காரப் பெற்றோரே இதை எதிர்த்தார்கள். பிள்ளையைப் பிரிக்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் அவர்கள் பயம். 1930இல் லண்டனுக்கு மேற்கே வெஸ்ட் டிரேட்டனில் ‘எல்ஸ்டேல்’ என்ற பழைய படகு ஒன்றையே பள்ளிக்கூடம் ஆக்கிப் பார்த்தார்கள். நல்ல யோசனை, ஆனால் ஒன்றே ஒன்று. தலைமுறை தலைமுறையாகக் கைநாட்டு. லாக்கின் பெயரும் பாலத்தின் எண்ணும் மனப்பாடம், பெயர்ப்பலகை படிக்க வராது.

ஏழடியை அகலமாக்க ஒரே ஒரு தடவை பெரிய அளவில் முயன்றார்கள். 1930களில் கிராண்ட் யூனியன் கம்பெனி, அரசு உதவியோடு, பிரான்ஸ்டன் – பர்மிங்ஹாம் வழியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட லாக்குகளைப் புதிதாக அகலமாகக் கட்டியது. 1934இல் கென்ட் கோமகன் வந்து திறந்து வைத்தார். ‘ப்ராக்ரஸ்’ என்று பெயர் வைத்த ஓர் அகலப் படகு அதில் போனது. அதோடு சரி. அதோடு சேரும் மற்ற கால்வாய்கள் பலவும் ஏழடியிலேயே நிற்கும்போது அகலப் படகு கட்டி என்ன பிரயோஜனம்? அகலமான லாக்குகளில் இரண்டு குறுகல் படகுகள் ஜோடியாக நுழைந்தன. இன்றும் அப்படித்தான் நுழைகின்றன.

ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் சொந்தப் படகு வைத்துப் பிழைத்தவர்களை ‘நம்பர் ஒன்’ என்று அழைப்பார்கள். கம்பெனிப் படகாக இருந்தால் வரிசை எண் ஏதாவது இருக்கும். இவனுக்கு ஒரே படகு, அதனால் ஒன்றாம் நம்பர். கடைசி நம்பர் ஒன் ஜோ ஸ்கின்னர். மனைவி ரோஸ். படகின் பெயர் ‘ஃப்ரெண்ட்ஷிப்’. எல்லோரும் டீசல் இன்ஜினுக்கு மாறிய பிறகும் கோவேறு கழுதையை வைத்தே இழுத்தார். 1959இல்தான் ஓய்ந்தார். அந்தப் படகு இப்போது எல்ஸ்மீர் போர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் மாதக்கணக்கில் உறைந்து கிடந்தன. படகு நகராவிட்டால் கூலி கிடையாது. பலர் அதோடு கரையேறிவிட்டார்கள். வாரிக்ஷைரிலிருந்து லண்டன் சவுத்ஹாலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்குக் கரி கொண்டுபோன ஒப்பந்தம் 1970 அக்டோபரில் முடிந்தது. நீண்ட தூரச் சரக்குப் படகுத் தொழிலின் முடிவாக அதைத்தான் சொல்வார்கள்.

கால்வாய் மட்டும் சாகவில்லை. எல்.டி.சி. ரோல்ட் என்ற பொறியாளர் 1939இல் பான்பரியின் டூலி படகுப்பட்டறையில் ‘க்ரெஸ்ஸி’ என்ற பழைய படகைச் சீர்செய்து, மனைவியோடு கிளம்பினார். அந்தப் பயணத்தைப் பற்றி 1944இல் வந்த அவர் புத்தகத்தைப் படித்துத்தான் நகரத்து ஆட்களுக்குக் கால்வாய் மேல் ஆசை வந்தது. 1946இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கமும் உருவானது. ரோல்ட்டுக்கு வேலை செய்யும் படகுகளும் அந்த ஜனங்களும் முக்கியம். உடன் தொடங்கிய ராபர்ட் ஐக்மனுக்கு ஒரு கால்வாய்கூட மூடப்படக் கூடாது, உல்லாசப் படகுகளாவது போகட்டும். சண்டை முற்றி 1951இல் ரோல்ட்டைச் சங்கத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். வரலாறு ஐக்மன் சொன்ன வழியில்தான் போனது. பார்பரா காஸில் முன்வைத்த 1968 போக்குவரத்துச் சட்டம் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயை உல்லாசப் பயணத்துக்கான நீர்வழி என்று வகைப்படுத்திக் காப்பாற்றியது. சரக்குக்குக் கட்டுபடியாகாத அதே ஏழடி, விடுமுறைக்கு வரும் ஒரு குடும்பத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

ஆக்ஸ்ஃபோர்டில் 1790இல் கரி வந்திறங்கிய துறை இன்று இல்லை. கார் முதலாளி நஃபீல்டு பிரபு 1937இல் அந்த இடத்தை வாங்கினார். 1951இல் அதைத் தூர்த்தார்கள். அங்கே நஃபீல்டு கல்லூரி நிற்கிறது. அதற்கு வடக்கே ஜெரிக்கோ பகுதியில் கால்வாயோரம் படகுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். வீட்டு வாடகை கொடுத்து மாளாமல் படகுக்கு வந்தவர்கள் அவர்களில் உண்டு. சரக்கு அறை இருந்த இடத்தில் சமையலறையும் படுக்கையறையும் வந்துவிட்டன. பத்தடி ஐம்பதடி ஆகியிருக்கிறது, அகலம் அதே அகலம்தான். நாடு முழுக்கக் கால்வாய்களைப் பராமரிப்பது 2012இலிருந்து ஓர் அறக்கட்டளை. தொழிற்புரட்சிக் காலத்தைவிட இன்று படகுகள் அதிகம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

நிரந்தரத் துறை இல்லாத படகுகளுக்கு 1995ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது, தக்க காரணம் இருந்தால் கூடுதல் நாள். எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் மைல் கணக்கு எதுவும் எழுதவில்லை. படகில் குடியிருக்கும் குடும்பங்களுக்கும் அறக்கட்டளைக்கும் நடுவே பல வருஷமாக நடக்கும் இழுபறி இதைப் பற்றியதுதான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தால் அதிகாரிகள் நீங்கள் நகரவே இல்லை என்கிறார்கள். அவர்கள் சொல்கிற தூரத்துக்கு நகர்ந்தால் பிள்ளையின் பள்ளிக்கூடம் எட்டாது.